சான்றிதழ் காசு மேசைக்கா, குசினிக்கா?

கொக்குவில் பக்கம் எட்டுப் பேரை வேலைக்கு வைத்து ஒரு சாப்பாட்டுக் கடை தொடங்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இருக்கும் மைத்துனர், உணவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர், அதாவது அதற்கென்று பயிற்சி பெற்றுச் சான்றிதழ் எடுத்த ஒருவர், இல்லாமல் அங்கே உரிமத்தோடு கடை நடத்த முடியாது என்கிறார். சென்னை நண்பரும் அதையே சொல்கிறார். இதற்கிடையில் யாழ்ப்பாணத்திலேயே ஒருநாள் வகுப்புக்குப் பணம் கேட்டு வந்த ஒருவர் "இனி இஞ்சையும் இது கட்டாயம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இது உண்மையா என்று கேட்கிறீர்கள். ஆனால் உங்கள் கடைசி வரிதான் என்னைப் பதில் எழுத வைத்தது: "எடுக்க வேண்டுமானால் முதலாளியாகிய நான் எடுத்துச் சுவரில் மாட்டிவிட்டால் போதும்தானே?" சட்டம் என்ன சொல்கிறது என்பது முதற் கேள்வி, அந்தச் சான்றிதழ் யாருக்கு உரியது என்பது இரண்டாவது. இரண்டாவதற்குப் பதில் தெரியாமல் முதலாவதற்கு மட்டும் பதில் தெரிந்துகொண்டால் பயன் குறைவு.

நான் யாழ்ப்பாண மாவட்டத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக நீண்டகாலம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். ஓய்வின் பின்னர் உணவு கையாளுவோருக்கு அவ்வப்போது வகுப்பு எடுக்கிறேன். சட்டத்தரணி அல்லன். வெளிநாட்டு விதிகளை, அங்கே கடை நடத்தும் நம்மவர்கள் கேட்கக் கேட்க வாசித்துத் தெரிந்துகொண்டவன். அங்குள்ள அடுப்படிகளில் நின்று பரிசோதித்த அனுபவம் எனக்கு இல்லை.

இலங்கையிலிருந்து தொடங்குவோம். இங்கே அடிப்படை 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம். மனித நுகர்வுக்கு ஒவ்வாத உணவை விற்பதும், சுகாதாரக் கேடான சூழலில் உணவு தயாரிப்பதும் அதன்கீழ்க் குற்றங்கள். பரிசோதகர் வழக்குத் தொடர்ந்தால் நீதவான் முன்னிலையில் நிற்க வேண்டியவர் கடையை நடத்துபவரே. சமையல்காரர் மேல் பழியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. அச்சட்டத்தின் கீழ் ஆக்கப்பட்ட 2011 ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார ஒழுங்குவிதிகள் கட்டடம், நீர், கழிவு, பணியாளரின் உடல்நலமும் சுத்தமும் பற்றிப் பேசுகின்றன. வியாபார அனுமதிப்பத்திரம் வேறு வழியால் வருவது. மாநகர எல்லைக்குள் மாநகர சபைகள் கட்டளைச் சட்டமும், பிரதேச சபை எல்லைக்குள் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமும் அதற்கு ஆதாரம். கொக்குவில் நல்லூர்ப் பிரதேச சபைக்குள் வருவதால் நீங்கள் போக வேண்டிய வாசல் அது. அனுமதிக்கு முன்னர் அந்தப் பகுதிப் பரிசோதகர் வந்து நிலம், கூரை, வடிகால், கிணறு, மலசலகூடம், கை கழுவும் இடம், பணியாளர்களின் மருத்துவச் சான்று என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். என் பணிக்காலத்தில் நூற்றுக்கணக்கான கடைகளுக்குப் பரிந்துரை எழுதியிருக்கிறேன்; மேற்பார்வையாளர் சான்றிதழ் இல்லை என்பதற்காக ஒன்றையும் திருப்பி அனுப்பியதில்லை. விதிகள் மாறக்கூடியவை என்பதால், "கட்டாயம்" என்று சொன்னவரிடம் எந்த வர்த்தமானி, எந்த ஒழுங்குவிதி என்று எழுத்தில் கேளுங்கள். அவர் பதிலைக் கொண்டுபோய் உங்கள் பகுதிப் பரிசோதகரிடம் காட்டிய பிறகு பணம் கொடுப்பதா என்று முடிவு செய்யுங்கள். அதற்கு ஒருநாள் போதும்.

மைத்துனர் சொன்னது சரி. குயின்ஸ்லாந்தில் 2006 ஆம் ஆண்டின் உணவுச் சட்டப்படி உரிமம் பெற வேண்டிய உணவு வியாபாரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மேற்பார்வையாளர் இருக்க வேண்டும் என்பது நெடுநாளைய விதி. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலும் இந்த ஏற்பாடு பத்தாண்டுகளுக்கு மேல் பழையது. பின்னர் அவுஸ்திரேலிய, நியூசிலாந்து உணவு நியமக் கோவையில் 3.2.2ஏ என்ற நியமம் சேர்க்கப்பட்டு 2023 டிசம்பர் 8 முதல் அவுஸ்திரேலியாவில் நடைமுறைக்கு வந்தது. அது வியாபாரங்களை இரண்டு வகையாகப் பிரிக்கிறது. பொதியிடப்படாத, கெட்டுப்போகக் கூடிய உணவைத் தானே சமைத்துப் பரிமாறும் உணவகமும் கேட்டரிங்காரரும் முதல் வகை. அப்படியான உணவைச் சமைக்காமல், வாங்கி வைத்து விற்கும் கடை இரண்டாம் வகை. இரு வகையினரும் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும், மேற்பார்வையாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். முதல் வகையினர் இவற்றுக்கு மேலாக, குளிரூட்டல், சூடாக்கல் போன்ற முக்கியமான படிகளைச் சரியாகச் செய்ததற்குப் பதிவோ வேறு ஆதாரமோ காட்ட வேண்டும். மேற்பார்வையாளரின் சான்றிதழ் கடந்த 5 ஆண்டுகளுக்குள் பெற்றதாக இருக்க வேண்டும். இவையெல்லாம் வாசிக்கக் கிடைக்கும் விடயங்கள். நான் உங்களை நிறுத்திக் கவனிக்கச் சொல்வது அதில் உள்ள இன்னொரு நிபந்தனையை: அந்த மேற்பார்வையாளர் உணவு கையாளும் ஒவ்வொருவருக்கும் ஆலோசனை சொல்லவும் மேற்பார்வை செய்யவும் நியாயமான அளவில் கிடைக்கக் கூடியவராக இருக்க வேண்டும்.

கனடாவில் ஒன்ராறியோ மாகாணம் இதையே இன்னும் பச்சையாகச் சொல்கிறது. 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் 493/17 ஒழுங்குவிதியின்படி, பயிற்சி முடித்த ஒருவராவது கடை இயங்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் கடைக்குள் இருக்க வேண்டும். ஸ்காபரோவில் நம்மவர் நடத்தும் கடைகளில் கொத்து போடும் பெடியனும் சான்றிதழ் வைத்திருப்பதற்கு இதுவே காரணம். முதலாளி ஒருவர் மட்டும் எடுத்தால் அவர் நித்திரை கொள்ள முடியாது. தமிழ்நாட்டில், இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2017 இல் தொடங்கிய 'ஃபோஸ்டாக்' பயிற்சித் திட்டத்தின்கீழ், உரிமம் பெற்ற வியாபாரங்கள் உணவு கையாளும் ஒவ்வொரு 25 பேருக்கும் குறைந்தது ஒரு பயிற்சி பெற்ற மேற்பார்வையாளரை வைத்திருக்க வேண்டும். அந்தச் சான்றிதழின் ஆயுள் 2 ஆண்டுகள். 'உரிமம்' என்ற சொல்லைக் கவனியுங்கள்; அங்கே சிறிய வியாபாரிகள் உரிமம் பெறுவதில்லை, பதிவு மட்டும் செய்கிறார்கள். உங்கள் நண்பர் இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். பிரித்தானியாவில் சான்றிதழ் என்று ஒரு தாள் சட்டப்படி தேவையே இல்லை. செய்யும் வேலைக்கு ஏற்ற அளவு பயிற்சியும் மேற்பார்வையும் இருக்க வேண்டும் என்பதுதான் விதி. வகுப்புக்குப் போய்த்தான் கற்க வேண்டும் என்பதில்லை. ஆகவே உலகமெங்கும் ஒரே சட்டம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால் பொதுவான ஒன்று தெரியும்: உணவு கையாளப்படும் இடத்தில், கையாளப்படும் நேரத்தில், விபரம் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும்.

அது ஏன் என்பதற்கு ஒரு சம்பவம். பல ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு சந்தியடிச் சாப்பாட்டுக் கடைக்கு இரவு ஒன்பதரை மணியளவில் போனேன். காசு மேசைக்குப் பின்னால் முதலாளியின் பயிற்சிச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்தில், பூமாலையோடு. முதலாளி ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தார். தலைமைச் சமையல்காரர் எட்டு மணிக்கே போய்விட்டார். குசினியில் நின்றது மூன்று கிழமைக்கு முன்னர் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெடியன். மத்தியானத்துச் சோறு கிடாரத்தோடு நிலத்தில் இருந்தது, அதை அள்ளித்தான் முட்டைச் சோறு பிரட்டிக் கொண்டிருந்தான். எப்போது அவித்தது என்று கேட்டேன். "மணந்து பார்த்தனான் ஐயா, ஒண்டும் செய்யேல்லை" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்த ஒரே பரிசோதனை அதுதான். சுவரில் இருந்த சான்றிதழுக்கும் அந்தக் கிடாரத்துக்கும் இடையில் ஒரு தொடர்பும் இல்லை.

மணந்து பார்ப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எந்தப் பயிற்சியிலும் உங்கள் ஆட்கள் கற்க வேண்டிய முதல் விடயம் மூக்கை நம்பக் கூடாது என்பது. அரிசியில் பசிலஸ் சீரியஸ் என்ற பற்றீரியாவின் வித்திகள் இருப்பது சாதாரணம். சோறு கொதிக்கும்போது அவை சாவதில்லை. வெந்த சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் வித்திகள் முளைத்துப் பெருகி ஒரு நஞ்சை விடுகின்றன. அந்த நஞ்சு மறுபடி தாச்சியில் போட்டுப் பிரட்டினாலும் அழியாது. தின்றவருக்கு 1 முதல் 6 மணித்தியாலத்துக்குள் வாந்தி எடுக்கும். சோறு புளித்திருக்கவும் வேண்டாம், மணக்கவும் வேண்டாம். கையில் காயமோ சீழோ உள்ளவரின் தொடுகையால் உணவுக்குப் போகும் ஸ்டபிலோகொக்கஸ் விடும் நஞ்சும் அப்படியே சூட்டைத் தாங்கும். பெரிய சட்டி இறைச்சிக் கறி மெதுவாக ஆறும்போது பெருகுவது குளொஸ்ட்ரிடியம் பேர்பிரிஞ்சன்ஸ். அதை நன்றாகக் கொதிக்க வைத்தால் கொல்லலாம், ஆனால் "கொஞ்சம் சூடாக்கி" இறக்கினால் அதற்கு விருந்து வைத்தது போலாகும். "திருப்பிச் சூடாக்கினால் எல்லாம் சரி" என்ற நம்பிக்கை நம் குசினிகளில் வேரூன்றியது. அது சில கிருமிகளுக்குச் சரி, சில நஞ்சுகளுக்கு முற்றிலும் பிழை.

ஒரு பாடசாலை விளையாட்டுப் போட்டிக்குச் சாப்பாட்டுப் பார்சல் கொடுத்த ஒருவரின் விடயத்தை விசாரித்திருக்கிறேன். விடியற்காலை ஐந்து மணிக்குக் கட்டிய பார்சல்கள், லஞ்ச் சீற்றுக்குள் சூட்டோடு அடைத்து, பெட்டிகளில் அடுக்கி, பிற்பகல் ஒரு மணிக்குக் கொடுத்தார்கள். மூன்று மணிக்குப் பிள்ளைகள் வாந்தி எடுக்கத் தொடங்கினார்கள். நேரத்தையும் அறிகுறியையும் வைத்து அது சோற்று நஞ்சு என்று நான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் நிரூபிக்க முடியவில்லை. ஒரு பார்சலும் மாதிரிக்கு மிஞ்சவில்லை. ஆகவே அதை ஊகம் என்றுதான் சொல்வேன். எட்டு மணித்தியாலம் வெப்பத்தில் அடைத்து வைத்த சோறு ஆபத்தானது என்பதில் மட்டும் ஊகம் ஏதும் இல்லை.

வெப்பநிலை பற்றிய எண்களைப் பெரும்பாலான வகுப்புகள் ஒரே மாதிரித்தான் சொல்லும். 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்டது, கிருமிகள் வேகமாகப் பெருகும் ஆபத்து வலயம். சமைத்ததை ஆற வைத்துச் சேமிப்பதானால் 60 இலிருந்து 21 பாகைக்கு 2 மணித்தியாலத்துக்குள்ளும், அங்கிருந்து 5 பாகைக்கு அடுத்த 4 மணித்தியாலத்துக்குள்ளும் இறங்க வேண்டும் என்பது அவுஸ்திரேலிய நியமம். இதைப் பாடமாக்கிக்கொண்டு வந்து யாழ்ப்பாணத்துக் குசினியில் நிற்கும்போதுதான் சிக்கல் தெரியும். நமது குசினியின் காற்றே 30 பாகைக்கு மேல். அடுப்புக்குப் பக்கத்தில் அதைவிடக் கூட. அப்படியானால் மேசையில் வைத்த சட்டி 21 பாகைக்கு எந்தக் காலத்திலும் இறங்காது. விடியும்வரை வைத்தாலும் இறங்காது. இந்த எண் தானாக ஆறக்கூடிய நாட்டில் எழுதப்பட்டது. இங்கே ஆற வைப்பது என்பது ஒரு வேலை: கறியை இரண்டு மூன்று அங்குலத்துக்கு மேற்படாத ஆழத்தில் அகன்ற தட்டுகளில் பிரித்து, தட்டுகளை ஐஸ் தண்ணீருக்குள் நிறுத்தி, கிளறி, ஆவி அடங்கியதும் குளிர்சாதனப் பெட்டிக்குள் ஏற்ற வேண்டும். கிடாரத்தை அப்படியே பெட்டிக்குள் தள்ளினால் நடுப்பகுதி ஆற நெடுநேரம் எடுப்பதோடு பக்கத்தில் உள்ள மற்ற உணவையும் அது சூடாக்கும். அதுபோலவே, ஆபத்து வலயத்தில் மொத்தம் 2 மணித்தியாலத்துக்குள் இருந்த உணவைத் திரும்பக் குளிரில் வைக்கலாம், 2 முதல் 4 மணித்தியாலம் இருந்ததை உடனே பரிமாறிவிட வேண்டும், 4 ஐத் தாண்டினால் எறிந்துவிட வேண்டும் என்ற விதியிலும், நம் வெக்கையில் நான் 2 ஐத்தான் எல்லையாக எடுக்கச் சொல்வேன். அது என் தீர்ப்பு, சட்டம் அன்று. தேங்காய்ப்பால் விட்ட சொதிக்கும் பச்சைத் தேங்காய்ப்பூச் சம்பலுக்கும் அதுகூடத் தாராளம் என்பது என் எண்ணம். அவற்றைச் சிறிது சிறிதாக, விற்க விற்கச் செய்வதே நல்லது.

வெளிநாட்டுப் பாடத்திட்டத்தை அப்படியே மொழிபெயர்த்து நடத்தும் வகுப்புகளில் இரண்டு விடயங்கள் பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றன. ஒன்று மீன். சூரை, கும்பளா, சாளை போன்ற மீன்கள் வெயிலில் ஐஸ் இல்லாமல் கிடந்தால் அவற்றின் தசையில் ஹிஸ்டமின் உருவாகும். அதைக் குழம்பாக்கினாலும் பொரித்தாலும் கருவாடாக்கினாலும் அது போகாது. தின்றவருக்குச் சில நிமிடங்களில் அல்லது ஓரிரு மணித்தியாலத்துக்குள் முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பு கடிக்கும். "மீன் ஒவ்வாது" என்று அவர் காலம் முழுவதும் நினைத்துக்கொண்டிருப்பார். குருநகரிலோ பாசையூரிலோ காலையில் வாங்கிய மீன், மோட்டார் சைக்கிளின் பின்னால் பையில் தொங்கிக் கடைக்கு வரும் அந்த அரை மணித்தியாலத்திலிருந்தே பாதுகாப்புத் தொடங்குகிறது. மற்றது தண்ணீர். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. கிணறும் மலக்குழியும் ஒரே வளவில் கிடக்க, மேலே உள்ள அழுக்கு எளிதாக நிலத்தடி நீருக்கு இறங்கும். நெருப்புக் காய்ச்சல் (டைபாய்ட்) இலங்கையில் அதிகமாகப் பதிவான மாவட்டங்களில் நம்முடையதும் ஒன்று. அந்தக் கிருமியைச் சுமப்பவர் பார்வைக்குச் சுகதேகியாக இருக்கலாம் என்பதால், வேலைக்குச் சேரும்போது எடுத்த மருத்துவச் சான்று அடுத்த மாதத்துக்கு உத்தரவாதம் ஆகாது. சவர்க்காரம் வைத்த கை கழுவும் இடமும், தடுப்பூசியும், குளோரின் இட்ட தண்ணீரும்தான் அந்த இடைவெளியை அடைக்கின்றன. ஆபத்து வலயம் பற்றி ஒரு மணித்தியாலம் பேசிவிட்டுக் கிணற்றைப் பற்றி ஒரு வசனமும் பேசாத வகுப்பு நம் ஊருக்கு அரை வகுப்பு.

இனி, பயிற்சியால் உண்மையில் பயன் உண்டா என்ற சந்தேகத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் உணவால் நோய் பரவிய 22 உணவகங்களையும் பரவாத 347 உணவகங்களையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2006 இல் வெளிவந்தது. நோய் பரவிய உணவகங்களில் 32 வீதமானவற்றில் மட்டுமே சான்றிதழ் பெற்ற குசினி முகாமையாளர் இருந்தார்; பரவாதவற்றில் 71 வீதமானவற்றில் இருந்தார். பெரிய வித்தியாசம்தான். ஆனால் இது இரண்டும் சேர்ந்தே காணப்படுகின்றன என்பதைச் சொல்கிறதே தவிர, சான்றிதழ்தான் நோயைத் தடுத்தது என்று நிரூபிக்கவில்லை. தன் ஆளைச் செலவழித்துப் பயிற்சிக்கு அனுப்பும் முதலாளி ஏற்கெனவே நல்ல குளிர்சாதனப் பெட்டியும் வாங்குகிற, போதிய ஆட்களும் வைக்கிற முதலாளியாக இருக்கக்கூடும். நான் கண்ட அளவில், வகுப்பு முடிந்த அன்று எல்லோரும் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்வார்கள்; ஒரு மாதம் கழித்துக் கடைக்குப் போனால் பாதிப் பேர் பழைய வழக்கத்துக்குத் திரும்பியிருப்பார்கள். திரும்பாதவர்களிடம் நான் கண்ட பொதுவான தன்மை, அவர்களுடைய கடையில் அவர்களின் பேச்சுக்கு மதிப்பு இருந்ததுதான். தெரிந்திருந்தும் செய்ய முடியாமல் போவதற்கு அறியாமையைவிட அதிகாரமின்மையே பெரும்பாலும் காரணம்.

இதனால்தான், உங்கள் கடையில் ஒருவரைத்தான் அனுப்ப முடியும் என்றால் நீங்கள் போவதைவிட உங்கள் தலைமைச் சமையல்காரரை அனுப்புங்கள் என்கிறேன். இருவரை அனுப்ப முடிந்தால் பின்னேரத்திலிருந்து கடை மூடும்வரை நிற்பவரையும் அனுப்புங்கள், ஏனெனில் பிழைகள் பெரும்பாலும் இரவில்தான் நடக்கின்றன: மிஞ்சியதை என்ன செய்வது என்ற முடிவு இரவில்தான் எடுக்கப்படுகிறது. நீங்களும் போவது நல்லது, ஆனால் வேறு காரணத்துக்காக. சமையல்காரர் இரண்டு கிலோ கோழிக்கறியை எறிந்துவிட்டு வந்து நிற்கும்போது அவரை ஏசாமல் இருப்பதற்கு நீங்களும் அந்தப் பாடத்தைக் கேட்டிருக்க வேண்டும். எறிவதற்கு உங்களிடம் கேட்கத் தேவையில்லை என்ற வார்த்தையை, மற்றப் பணியாளர்கள் கேட்க, முதல் நாளே அவருக்குக் கொடுங்கள். எறிந்ததைக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். அந்தக் கொப்பியை நீங்கள் கிழமைக்கு ஒருமுறை பாருங்கள், கோபப்படுவதற்காகப் பார்க்காதீர்கள். ஒரே பண்டம் திரும்பத் திரும்ப எறியப்பட்டால் அதைக் கூடச் சமைக்கிறீர்கள் என்று அர்த்தம். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் தற்காலிகக் கடைகளைச் சுற்றிவந்த காலத்தில் நான் கவனித்தது, நட்டப்படாமல் நடத்தியவர்கள் அநேகமாகக் குறைவாகச் சமைத்து அடிக்கடி சமைத்தவர்கள். பாதுகாப்பும் இலாபமும் அந்த ஓரிடத்தில் தற்செயலாக ஒத்துப்போகின்றன.

நோயோடு வேலைக்கு வரும் ஆளைத் திருப்பி அனுப்பும் அதிகாரமும் உங்கள் தலைமைச் சமையல்காரருக்கு வேண்டும். இது பணத்தோடு தொடர்பான விடயம் என்பதை மறைக்க விரும்பவில்லை. நாட்கூலிக்கு நிற்கும் ஒருவர் வயிற்றோட்டத்தோடு வருவது கவலையீனத்தால் அன்று. வராவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. வாந்தி, வயிற்றோட்டம், மஞ்சட் காமாலை என்றால் சம்பளத்தோடு வீட்டில் நிற்கலாம் என்று நீங்கள் சொல்லாதவரை எந்தப் பயிற்சியும் அவர் வாயைத் திறக்க வைக்காது. எட்டுப் பேர் உள்ள கடைக்கு ஆண்டுக்கு ஒரு சில நாட்கூலிகள்தான் அதற்குச் செலவாகும். ஒரு வழக்கோடும் சீல் வைத்த கதவோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

யாழ்ப்பாணத்தில் வந்த அந்த ஒருநாள் வகுப்பைப் பற்றி, நடத்துபவர் யார் என்று தெரியாமல் நல்லதென்றோ கெட்டதென்றோ சொல்ல மாட்டேன். சில கேள்விகளை அவரிடம் கேளுங்கள். வகுப்பு முழுவதும் தமிழில் நடக்குமா, அல்லது ஆங்கிலத் திரையைக் காட்டித் தமிழில் சுருக்கிச் சொல்வார்களா? எழுத வாசிக்கச் சிரமப்படும் பணியாளரையும் செய்து காட்டச் சொல்லிப் பரீட்சிப்பார்களா? வெப்பமானியைக் கையில் கொடுத்துப் பாவிக்கப் பழக்குவார்களா? ஒருமுறையாவது உங்கள் குசினிக்கு வந்து பார்ப்பார்களா? இவற்றுக்கு இல்லை என்றால், அந்தச் சான்றிதழ் குயின்ஸ்லாந்திலோ ஒன்ராறியோவிலோ செல்லுபடியாகும் என்று அவர் சொன்னாலும் எடுபடாதீர்கள். அவுஸ்திரேலியாவில் மேற்பார்வையாளர் சான்றிதழை வழங்குபவர்கள் அங்கு அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி நிறுவனங்களே. உங்கள் பணியாளர் ஒருவர் நாளை வெளிநாடு போனால் அங்கே புதிதாகத்தான் எடுக்க வேண்டியிருக்கும். இதற்கிடையில் பணம் செலவழிக்காமல் செய்யக்கூடியது, உங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில், உணவு கையாளுவோருக்கு அடுத்த அறிவூட்டல் எப்போது என்று கேட்டு ஆட்களின் பெயரைக் கொடுப்பது. கடை திறப்பதற்கு முன்னர் பரிசோதகரை நீங்களாகவே அழைத்து, வடிகால் வெட்டும் முன்னரே காட்டுங்கள். சீமெந்து பூசிய பின்னர் உடைக்கச் சொல்வது அவருக்கும் விருப்பமான வேலை அன்று.

வகுப்புக் காசில் ஒரு பங்கை முதலில் ஊசிமுனை வெப்பமானி ஒன்றுக்குச் செலவழியுங்கள். வாங்கியதும் ஒரு கோப்பையில் ஐஸ் கட்டிகளை நிரப்பி, மூடும் அளவுக்குத் தண்ணீர் விட்டுக் கலக்கி, சில நிமிடம் கழித்து முனையை நடுவில் பிடியுங்கள். 0 பாகை காட்ட வேண்டும். கொதிநீரில் 100 காட்ட வேண்டும். கடல் மட்டத்தில் இருக்கும் நமக்கு மலைநாட்டார்போல் அதில் கழித்துப் பார்க்கும் வேலை இல்லை. ஒரு பாகைக்கு மேல் பிசகினால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். கோழித் துண்டின் தடித்த பகுதியில் எலும்பில் முட்டாமல் குத்தி 75 பாகை வருகிறதா என்று பார்க்கவும், இரண்டு துண்டுகளுக்கு இடையில் முனையைக் கழுவித் துடைக்கவும் உங்கள் சமையல்காரருக்கு நீங்களே காட்டிக் கொடுக்கலாம். குளிர்சாதனப் பெட்டிக்குள் ஒரு தண்ணீர்க் கோப்பையை இரவு வைத்து, காலையில் கடை திறக்கும்போது அந்தத் தண்ணீரை அளந்து எழுதச் சொல்லுங்கள். மின்சாரம் நின்ற நாட்களையும் எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை மணிக்கு வந்தது என்று அதே கொப்பியில் குறிக்கச் சொல்லுங்கள். 2022 இல் நாட்டில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில், அப்படிக் குறித்து வைத்திருந்த கடைக்காரர் ஒருவரிடம் எந்தப் பொருளை எறிய வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியே இருக்கவில்லை. நான் போகும்போது அவருடைய ஆள் பெட்டியைக் காலி செய்து கழுவிக்கொண்டிருந்தார்.